எங்களுக்காகப் பொய் சொன்னவர்

நாங்கள் தோற்றுக்கொண்டிருந்த காலத்தில் எங்களுக்கு ஒரே ஒரு ரசிகர்தான் இருந்தார். ஜெயித்த காலத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் முகம்கூட இப்போது நினைவில் இல்லை. இவர் முகத்தை மறக்கத்தான் முடியவில்லை. நல்ல மனுஷர், அதில் சந்தேகமே கிடையாது. ஆனாலும் அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அன்பு இல்லை. காது மடல் சூடாகிற வெட்கம்தான்.

எங்கள் பிரிக்பீல்ட்ஸ் பேட்டையின் பெரிய சாலையில் ஒரு ஜவுளிக்கடையில் அவர் விற்பனையாளராக இருந்தார். எங்களைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். எழுபதுகளின் நடுவில் ரயில்வே குவார்ட்டர்ஸ் பையன்கள் நாங்கள் சேர்ந்து ஆரம்பித்த கூடைப்பந்துக் குழுவுக்குக் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்கப் பேர் இருந்தது. சீனர்களுடைய ஆட்டம் என்று எல்லோரும் ஒதுங்கி நின்ற ஆட்டத்தில் ஐந்து தமிழ்ப் பையன்கள் புகுந்து கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தால் சும்மாவா? ஊரே திரண்டு வந்து பார்த்தது. அப்புறம் எண்பதுகள் வந்தன. ஊர் வீட்டுக்குப் போய்விட்டது. இளவட்டங்கள் எல்லாம் கால்பந்துப் பக்கம் போய்விட்டார்கள். எங்கள் குழுவில் அதே ஐந்து பேர்தான். தொந்தி மட்டும் புது வரவு.

ஆனாலும் வருஷா வருஷம் எப்படியோ தட்டுத்தடுமாறி முதல் நான்கு இடத்துக்குள் வந்துவிடுவோம். அதற்கு மேல் தோற்றவன் வீட்டுக்குப் போகிற நாக்அவுட் சுற்று. அங்கே போனதும் எங்களைத் துவைத்துக் காயப்போட்டு அனுப்புவார்கள். அண்ணன் மட்டும் ஒரு ஆட்டம் விடாமல் வந்துவிடுவார். தோளில் ஒரு துண்டு, கையில் எங்களுக்கென்று ஒரு பிளாஸ்க் பார்லி தண்ணீர். கூடைப்பந்து விதிகள் அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. நடுவர் எதற்கு ஊதினாலும் எங்களுக்குத்தான் அநியாயம் நடந்தது என்று எழுந்து நிற்பார்.

தோற்ற பிறகுதான் அவருடைய ஆட்டம் ஆரம்பமாகும். எங்களுக்குத் தோல்வி என்று ஒன்று கிடையாது என்பது அவர் கட்சி. ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு காரணம் இருக்கும். முதலில் அது பந்தாக இருந்தது. "பந்துல காத்து ஜாஸ்தி பாஸ், அதான் வளையத்துல பட்டு வெளிய போவுது." அப்புறம் தரை. "நேத்து மழை பேஞ்சிச்சில்ல, பாசி புடிச்சிருக்கு. நம்ம பையனுங்க வழுக்கி வழுக்கி விழறானுங்க, பாக்கலியா?" பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் சீனரோ மலாய்க்காரரோ என்றால் அதையே மலாயில் எடுத்துச் சொல்லிவிடுவார்.

இந்தத் திறமை எல்லாம் கடையில் வந்தது. ஒருநாள் நான் அங்கே நிற்கும்போது ஒரு அம்மா புடவையை விரித்துப் பிடித்து, "இங்க என்னா கறை மாதிரி இருக்கு?" என்று கேட்டார். அண்ணன் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "கறையா? கைத்தறிம்மா இது. கையால நெய்யறவன் ஒரு எடத்துல நூலை மாத்துவான். இந்தக் கோடு இல்லன்னாதான் நீங்க சந்தேகப்படணும்." அந்த அம்மா சந்தோஷமாகக் கறையோடு வாங்கிக்கொண்டு போனார். அதே வாயைத்தான் அவர் எங்களுக்காகவும் கொண்டுவந்தார். நாங்களும் கொஞ்சம் கறைபட்ட சரக்குதானே.

எங்கள் வயது ஏற ஏறக் காரணங்களும் ஏறின. பந்தும் தரையும் போதவில்லை. எங்கள் உடம்புக்கே நோய் கொடுக்க ஆரம்பித்தார். சுங்கை வேயில் ஒரு ஆட்டம். எங்கள் கேப்டன் சிவலிங்கம் ஓடவே முடியாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஆட்டம் முடிந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தால், கூட்டத்தில் இருந்த பெண்கள் எல்லோரும் அவன் வயிற்றையே பார்க்கிறார்கள். ஒரு பாட்டியம்மா பக்கத்து வீட்டிலிருந்து சீனி போடாத கறுப்புக் கோப்பியை ஒரு மங்குக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு வந்து, "குடிச்சிருப்பா, நின்னுடும்" என்றார். மூன்று நாளாக வயிற்றுப்போக்கோடு கேப்டன் ஆடுகிறான் என்று அண்ணன் சொல்லி வைத்திருக்கிறார். இல்லை என்று சொன்னால் அந்தம்மா மனசு நோகும். சிவலிங்கம் அத்தனை பேர் முன்னாலும் அந்தக் கசப்பை மடக் மடக்கென்று குடித்தான்.

ரவாங்கில் நடந்தது அதைவிட மோசம். அன்றைக்கும் தோல்விதான். அண்ணன் வழக்கம்போல அக்கம்பக்கத்தில் சொன்னார்: "கேப்டனுக்கு ராத்திரி பூரா தூக்கம் இல்லீங்க. சம்சாரத்துக்குப் பிரசவம். ஆம்பளப் புள்ள." சிவலிங்கத்துக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை. முப்பத்தாறு வயதில், ரொம்ப நாள் தேடலுக்குப் பிறகு, ரவாங்கிலேயே ஒரு வீட்டில் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை ஆடுகிற அழகைப் பார்க்கப் பெண்ணின் தாய்மாமன் அங்கே, அண்ணனுக்கு இரண்டு ஆள் தள்ளி உட்கார்ந்திருந்தார்! அந்த வீட்டுக்காரர்களைச் சமாதானப்படுத்த சிவலிங்கத்தின் அம்மா மாரியம்மன் கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யவேண்டி வந்தது. கல்யாணம் நடந்தது என்று வையுங்கள். ஆனாலும் தாலி கட்டும்போதுகூட அந்த மாமன் சிவலிங்கத்தை ஒரு மாதிரியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, தோத்தா தோத்துட்டோம்னு சொல்லிட்டுப் போங்கண்ணே. எங்க மானத்தை ஏன் வாங்கறீங்க?" என்று நானே ஒருமுறை கத்தியிருக்கிறேன்.

"நான் எங்கடா வாங்கறேன்? காப்பாத்தறேன்" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினார்.

இதில் விசித்திரம் என்னவென்றால், தனக்கென்று அவர் ஒரு சாக்கும் சொல்லிக் கேட்டதில்லை. ஒரு தீபாவளி சமயம் கடையில் ஆறு மீட்டர் வெட்டவேண்டிய துணியை ஐந்தாக வெட்டிவிட்டார். முதலாளி கூட்டத்துக்கு நடுவிலேயே வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார். கடையில் நெரிசல், மின்விசிறி ஓடவில்லை, கத்தரி மொக்கை என்று சொல்ல ஆயிரம் இருந்தது. இவர் கைகளைக் கட்டிக்கொண்டு, "என் தப்புதான் மொதலாளி" என்று மட்டும் சொன்னார். எங்களுக்குக் கொடுத்ததில் ஒரு துளி அவருக்கு வைத்துக்கொண்டிருக்கலாம்.

எனக்கு முப்பத்தெட்டு நடந்த வருஷத்து அரையிறுதிக்கு வருகிறேன். எதிரணி கிள்ளானில் இருந்து வந்தது. எல்லாம் இருபது, இருபத்திரண்டு வயதுச் சீனப் பையன்கள். துள்ளினால் வளையத்தைத் தொடுவார்கள். ஆட்டம் எங்கள் பிரிக்பீல்ட்ஸ் தரையில், சனிக்கிழமை மாலை. ஆட்டத்துக்கு முன்னால் சிவலிங்கம் எங்களைச் சுற்றி நிற்க வைத்துச் சொன்னான்: "பைனலுக்குப் போயி எட்டு வருஷமாச்சு. இதை விட்டா இன்னொரு தரம் கிடையாதுடா. அடுத்த வருஷம் என் முட்டி இருக்காது."

பாதி ஆட்டத்தில் நாங்கள் பதினைந்து புள்ளிகள் பின்னால் இருந்தோம். என் கதை இன்னும் கேவலம். தடுக்க யாருமே இல்லாமல் தனியாக வளையத்தடிக்கு ஓடிப் போய்ப் பந்தை எறிந்தேன். அது பலகையில் பட்டு நேராக என் மூக்குக்கே திரும்பி வந்தது. பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். கிள்ளான் பையன்கள் ஒருத்தன் மேல் ஒருத்தன் சாய்ந்து சிரித்தார்கள். அவர்களில் பதினோராம் நம்பர் போட்ட பையன் ஒருத்தன் என்னை நிழல்போல ஒட்டிக்கொண்டிருந்தான். அவன்கூட வாயைப் பொத்திக்கொண்டான்.

இடைவேளைக்குப் பிறகு என்ன நடந்தது என்று அன்று எனக்குப் புரியவில்லை. அந்தப் பதினோராம் நம்பர் என் பக்கமே வரவில்லை. இடது பக்கம் போனேன், வழி விட்டான். எறிந்தேன், விழுந்தது. மறுபடி எறிந்தேன், மறுபடியும் விழுந்தது! பந்து கோட்டுக்கு வெளியே போனபோது ஒரு பையன் ஓடிப் போய் எடுத்து இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினான். எனக்கு வந்ததே ஒரு தெம்பு! போன வயசு திரும்பி வந்துவிட்டது என்றே நினைத்தேன். ஒரு புள்ளியில் ஜெயித்தோம். கிள்ளான் பையன்கள் வரிசையாக வந்து என் கையைப் பிடித்தார்கள். ஒருத்தன் தரையைப் பார்த்துக்கொண்டே என் தோளைத் தட்டிவிட்டுப் போனான். திறமைக்கு மரியாதை தெரிந்த பையன்கள் என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். அண்ணன் மட்டும் அன்று குதிக்கவில்லை. பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டு குனிந்தபடியே இருந்தார். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லையாக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

மறுநாள் காலை எங்கள் வீட்டு வாசலில் ஒரு லோரி வந்து நின்றது. அப்பா பசியாறிவிட்டு, கைலியும் பனியனுமாக வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ரயில்வேயில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நேரம் தவறாமை, வாய்மை என்று பிள்ளைகளைப் படுத்தி எடுத்தவர். நான் பல் துலக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தேன். லோரியிலிருந்து கிள்ளான் பையன்கள் ஆறு பேரும் அவர்கள் மேனேஜரும் இறங்கினார்கள். எல்லோரும் வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை. இரண்டு பேர் சேர்ந்து ஓர் ஆள் உயரத்துக்கு ஒரு மலர்வளையத்தை இறக்கி, மூங்கில் காலை விரித்து எங்கள் கேட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள்.

மேனேஜர் அப்பாவிடம் மலாயில் மெதுவாகக் கேட்டார்: "நேற்று ஆடினாரே, ஏழாம் நம்பர், அவர் வீடுதானே?"

"ஆமா. என் மகன்தான்" என்றார் அப்பா.

மேனேஜர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீங்கள் அவருக்குச் சித்தப்பாவா?"

"அப்பா."

அந்த மனிதரின் முகத்தில் ரத்தமே இல்லாமல் போனது. அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எழுந்து போய் வளையத்தில் குறுக்கே கட்டியிருந்த வெள்ளை நாடாவைப் படித்தார். என் பெயர் அவர்களுக்குத் தெரியாதே. சட்டை நம்பர்தான் தெரியும். 'ஏழாம் நம்பரின் தந்தை மறைவுக்கு ஆழ்ந்த அனுதாபங்கள்' என்று ஆங்கிலத்தில் கறுப்பு எழுத்து. அப்பா இரண்டு தரம் படித்தார். பிறகு உள்ளே போய் ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, எல்லோரையும் உட்காரச் சொன்னார்.

யாரும் உட்காரவில்லை. உயிரோடு இருக்கிற மனுஷன் வாசலில் சாவு வளையம் வைத்துவிட்டோமே என்று அந்தச் சீனர்கள் நடுங்கிப் போயிருந்தார்கள். மேனேஜர் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். இடைவேளையில் துண்டு போட்ட ஒரு ஆள் அவரிடம் போய், 'ஏழாம் நம்பரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், அவன் தகப்பன் முந்தாநாள்தான் இறந்தார், காரியத்துக்கு நடுவில் குழுவுக்காக வந்து ஆடுகிறான்' என்று கண்கலங்கச் சொன்னாராம். மேனேஜர் தன் பையன்களைக் கூப்பிட்டு, அப்பனைப் பறிகொடுத்தவனை இடிக்காதீர்கள், விட்டு ஆடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். துக்கம் கேட்க வீடு எங்கே என்று விசாரித்தபோது விலாசம் கொடுத்தவரும் அதே துண்டுக்காரர்தான். கடையில் கேட்டதை இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாத வாய்!

வாயில் நுரையோடு நான் வாசலில் நின்றேன். ஏமாற்றப்பட்டவர்கள் எங்களிடம் மன்னிப்புக் கேட்கிறார்கள். நேற்று நான் எறிந்து விழுந்த பந்துகள் அத்தனையும் என் அப்பாவின் பிணத்துக்குப் போட்ட பிச்சை. அதை என் மனைவியிடம் ஒவ்வொன்றாக நடித்து வேறு காட்டியிருந்தேன். பதினோராம் நம்பர் பையன் என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. அவனும் வெட்கப்பட்டுக்கொண்டு நின்றான்.

அம்மா அழுதுகொண்டே உப்பும் மிளகாயும் எடுத்துவந்து அப்பாவைச் சுற்றி அடுப்பில் போட்டாள். வளையத்தை லோரியில் ஏற்றி அனுப்பினோம். மத்தியானத்துக்குள் விஷயம் பிரிக்பீல்ட்ஸ் முழுக்கப் பரவிவிட்டது. கோப்பிக் கடைக்குப் போனால், "என்னாலா, கொள்ளி வச்சவன் இன்னும் மீசை எடுக்கலியா?" என்கிறான் ஒருத்தன். "மொட்டை எப்ப?" என்கிறான் இன்னொருத்தன். அந்தச் சீனர்களுக்கு இந்த வழக்கம் தெரிந்திருந்தால் என் மீசையைப் பார்த்தே அண்ணனின் பொய்யைப் பிடித்திருப்பார்கள்.

நானும் சிவலிங்கமும் கடைக்குப் போனோம். அண்ணன் எங்களைக் கண்டதும் துணிக் கட்டுகளுக்குப் பின்னால் போனார். சிவலிங்கம் விடவில்லை, பின்னாலேயே போனான்.

"சாவடிக்க உங்களுக்கு வேற ஆளே கெடைக்கலியாண்ணே?"

"அவசரத்துல வாயில வந்திருச்சுப்பா. தாத்தான்னு சொன்னா நம்புவாங்களா? இவனுக்கே முப்பத்தெட்டு ஆவுது."

எனக்கு அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. "எதுக்குண்ணே சொன்னீங்க? தோத்துட்டுப் போறோம். உங்களுக்கு என்னா நட்டம்?"

அவர் ஒரு துணியை விரித்து, மறுபடி மடித்தார். "நீ உக்காந்துட்டே பாரு, மூக்கைப் புடிச்சிக்கிட்டு. அப்ப அவனுங்க சிரிச்சானுங்க. அவனுங்க பேசுற சீனம் எனக்குப் புரியாது தம்பி. சிரிக்கிறது புரியும்ல? என்னால தாங்க முடியல. உன்னைப் பாத்துச் சிரிச்சா பரவால்லன்னு எனக்கு உக்காந்திருக்கத் தெரியல."

திட்டத்தான் போனோம். திட்டாமலே திரும்பினோம்.

முடிவெடுத்தது அப்பா. "சாவைச் சொல்லி வாங்குன ஜெயிப்பு இந்த வூட்டுக்கு வேணாம். திருப்பிக் குடுத்துட்டு வா. நானும் வரேன். நான் உயிரோட இருக்கிறத அந்தப் பையனுங்க எல்லாம் நல்லாப் பாத்துக்கட்டும்." சிவலிங்கம் ஒரு நாள் முழுக்க யோசித்தான். அவன் முட்டியில் மிச்சமிருந்த ஒரே இறுதி ஆட்டம் அது. கடைசியில் அவனே ஏற்பாட்டாளர்களிடம் போய், ஆட்டத்தை மறுபடி ஆடுகிறோம், கிள்ளானில் அவர்கள் தரையிலேயே ஆடுகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தான்.

அடுத்த ஞாயிறு சாயங்காலம் கிள்ளானுக்குப் போனோம். அண்ணன் வருவார் என்று நாங்கள் நினைக்கவில்லை. பஸ் பிடித்துத் தனியாக வந்து, துண்டும் பிளாஸ்க்குமாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அப்பா நேராகப் போய் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். பையன்கள் முறைப்படி வந்து அப்பாவுக்குக் கை கொடுத்தார்கள். அவரும் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தார். கூட்டம் சிரித்தது. அண்ணன் தலை நிமிரவில்லை.

ஆட்டம் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. பதினோராம் நம்பர் திரும்ப என்னை ஒட்டிக்கொண்டான். இம்மி இடம் கொடுக்கவில்லை. சிவலிங்கத்தின் முட்டி பாதியிலேயே மடங்கிவிட்டது. அவன் வெளியே போகமாட்டேன் என்று நொண்டிக்கொண்டே ஆடினான். முப்பது புள்ளிகளுக்கு மேல் தோற்றோம். கூட்டம் கடைசியில் சிரிக்கக்கூட இல்லை. பரிதாபப்பட்டு முன்கூட்டியே கலைய ஆரம்பித்துவிட்டது. நாங்கள் ஐந்து பேரும் படிக்கட்டில், அண்ணனும் அப்பாவும் உட்கார்ந்திருந்த இடத்துக்குக் கீழே வந்து விழுந்தோம். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அப்போது அதே வரிசையில் இருந்த ஒரு வயதான சீனர் அண்ணனையும் அப்பாவையும் பார்த்து மலாயில் கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "இந்தக் குழு ஒரு காலத்தில் நன்றாக ஆடுவார்களே, என்ன ஆயிற்று?"

எனக்கு உடம்பெல்லாம் காதாகிவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் ஒரு பொய்க்கு ஏங்கினேன். தரை, பந்து, வயிற்றுப்போக்கு, எதையாவது சொல்லித் தொலையுங்கள் அண்ணே என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

அண்ணன் வாயைத் திறக்கவில்லை. அப்பாதான் தொண்டையைச் செருமினார். ஜென்மத்தில் பொய் சொல்லாத அந்த மனுஷர், தன் தடுமாற்ற மலாயில், "ஏழாம் நம்பருக்கு நேற்றிலிருந்து காய்ச்சல்" என்றார்.

அண்ணன் திரும்பி அப்பாவின் கை மேல் தன் கையை வைத்தார். "வேணாங்கையா" என்றார் தமிழில். பிறகு அந்தச் சீனரைப் பார்த்து மலாயில், எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படியாகச் சொன்னார்:

"காய்ச்சல் எல்லாம் இல்லை பாஸ். எங்கள் பையன்களுக்கு வயதாகிவிட்டது."

சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.